செயப்படுபொருள் இல்லாத எழுப்புதல்

2026ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் நான்காம் திகதி, புதன்கிழமை, இலங்கையின் சுதந்திர தின விடுமுறை, காலை ஏழு மணி. லிந்துலைக்கு மேலே உள்ள கூம்புமலைத் தோட்டத்தின் தேவாலய வாசலில் நாற்பது பேருக்குக் குறையாமல் கூடியிருந்தார்கள். இருபது ஆண்டுகளாக அந்த வாசல் அத்தனை பேரைக் கண்டதில்லை. சபைச் செயலாளர் செல்லசாமிக்கு ஆனந்தக் கண்ணீர் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கூட்டம் மாலை ஐந்து மணிக்கு. இவர்களோ காலையிலேயே வந்துவிட்டார்கள். வேதாகமம் இருக்க வேண்டிய கைகளில் மண்வெட்டியும் அலவாங்கும் இருந்தன.

"கிளாக்கரய்யா, எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" என்றார் தொழிற்சங்கத் தலைவர் சோலைமலை.

"என்னத்த?"

"எழுப்புறதத்தான். நீங்கதானே போர்டு கட்டியிருக்கீங்க!"

செல்லசாமி நிமிர்ந்து பார்த்தார். "கூம்புமலை மேற்பிரிவில் எழுப்புதல்! ஊரே திரண்டு வாரீர்!" என்றது பதாகை. கீழே திகதி மட்டும் இருந்தது, நேரம் இல்லை. வாசகம் அவருடையதே. தேயிலைத் தொழிற்சாலையில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற அவருக்குச் சொற்சிக்கனத்தில் பெருமை உண்டு. 'ஆத்தும எழுப்புதல் கூட்டம்' என்று சபையார் எழுதிக் கொடுத்ததில் முதற்சொல்லையும் கடைச்சொல்லையும் அவரே வெட்டியிருந்தார்.

எழுப்புதல் என்பது செயப்படுபொருள் குன்றாத வினையிலிருந்து பிறந்த பெயர். எதை எழுப்புவது என்று சொல்லாமல் விட்டால், படிப்பவர் தமக்குத் தேவையானதை அவ்விடத்தில் வைத்துக்கொள்வார். மேற்பிரிவில் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்த தொழிலாளருக்குத் தேவைப்பட்டது ஒரு சுவர்.

சென்ற நவம்பர் மழையில் லயத்துக்குப் பின்னால் இருந்த தாங்குசுவர் இடிந்து, மலை ஒரு முழம் முன்னே வந்து நின்றது. அங்கே குடியிருந்த மீனம்மாவின் குசினியில் பாதி, அடுப்போடு மண்ணுக்குள் போயிற்று. அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், அதற்கு முன்னால் நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள். மலை அப்படியே நின்றது.

செல்லசாமியின் தேவை வேறு. கிறிஸ்மஸ் ஆராதனை முடிந்ததும் டவுன் தலைமைப் போதகர் அவரைத் தனியே அழைத்து, "ஆள் இல்லாத ஆலயத்துக்கு விளக்கு எதுக்கு? ஒரு எழுப்புதல் கூட்டம் வைங்க. நானே வந்து பிரசங்கிக்கிறேன். நிறைஞ்சா இருக்கட்டும். இல்லாட்டிப் பூட்டிருவோம்" என்று சொல்லிவிட்டார். செல்லசாமி ஞானஸ்நானம் பெற்றதும் மோதிரம் மாற்றியதும் அந்த ஆலயத்தில்தான். அவருடைய மனைவியின் பெட்டியைக் கடைசியாக வைத்ததும் அங்கேதான். சபையிலோ ஆறே குடும்பங்கள். ஊர் வந்தால்தான் ஆலயம் நிறையும்.

"இது செவரு எழுப்புற கூட்டம் இல்லீங்க. ஆத்துமாவை எழுப்புற கூட்டம். சாயங்காலம் வாங்க" என்று அவர் விளக்கினார்.

மீனம்மா இடுப்பில் கையை வைத்தாள். "எங்க ஆத்துமா எந்திரிச்சுத்தாங்க இருக்கு. மழை பேஞ்சா ராவெல்லாம் கண்ணு மூடுறதே இல்ல."

கூட்டம் சிரித்தது, பிறகு கலையத் தொடங்கியது. போகிறவர்கள் மாலையில் திரும்பமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்தது.

"நில்லுங்க! போதகர் உங்க செவருக்காகவும் ஜெபம் பண்ணுவார்!" என்று கூவினார்.

அந்த வாக்கியம் கூட்டத்தின் பின்வரிசையை அடைவதற்குள் ஜெபம் உதிர்ந்து போயிற்று. "போதகரு செவரு கட்டித் தாறாராம்டி!" என்றாள் ஒருத்தி. கலைந்தவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

சோலைமலையின் கண் ஆலயத்தின் பக்கவாட்டுக்குப் போயிற்று. முகப்பு வளைவு கட்டுவதற்கென்று வாங்கிய கருங்கற்கள் அங்கே பாசி படிந்து குவிந்திருந்தன.

"கல்லு தயாராத்தானே இருக்கு?"

"அது ஆலய முகப்புக்கு."

"முகப்பு எப்பங்க கட்டுறீங்க?"

"ஆண்டவருக்குச் சித்தமாகும்போது."

"அவரு மெதுவா யோசிக்கட்டும். மலை யோசிக்காதுங்களே."

செல்லசாமி ஒரு பேரம் பேசினார். கொஞ்சம் கல் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஐந்து மணிக்கு ஒருவர் விடாமல் ஆலயத்துக்குள் வந்து உட்கார வேண்டும்.

"மாரியம்மா மேல சத்தியம்!" என்றாள் மீனம்மா.

அந்தச் சத்தியத்தை ஏற்கலாமா என்று ஒரு கணம் தடுமாறி, ஏற்றுக்கொண்டார்.

'கொஞ்சம்' என்பதும் அளவு சொல்லாத சொல்லே. நண்பகலில் குவியல் பாதியாயிற்று. இரண்டு மணிக்கு அங்கே ஈரத் தரையும் மண்புழுவும்தான் மிஞ்சின. பாடல் பயிற்சிக்கு வந்த சபையாரையும் காணவில்லை. தேடிக்கொண்டு லயத்துக்குப் போனால், பாடகர் குழுத் தலைவி லோஜினி முழங்கால்வரை சேற்றில் நின்று கல் கைமாற்றிக்கொண்டிருந்தாள். வரிசை முழுவதும் கீர்த்தனை பாடியது. சொல் தெரியாதவர்கள் தாளத்தை மட்டும் உரக்கச் சொன்னார்கள்.

"லோஜினி! பயிற்சி?"

"இங்கதான் மாமா நடக்குது. சும்மா நிக்காதீங்க, இந்தா, புடிங்க!"

விரைவாக முடிந்தால் விரைவாக வருவார்கள் என்று கணக்குப் போட்டுச் செல்லசாமி கல்லை வாங்கினார். அடுத்ததையும் வாங்கினார். பிறகு கணக்கை மறந்தார். பிரசங்க மேடைக்குக் கீழே பல ஆண்டுகளாகத் தேடியும் கிடைக்காத ஏதோவொன்று அந்த வரிசையில் அவருக்குக் கிடைத்திருந்தது. அதற்குப் பெயர் வைக்க நேரம் இல்லை. அடுத்த கல் வந்துவிட்டது.

கடைசிக் கல் ஏறியபோது மணி நாலே முக்கால். சுவர் மார்பளவு நின்றது.

"வாங்க, வாங்க! அப்படியே கோயிலுக்கு!" என்றார் செல்லசாமி.

ஒருவரும் அசையவில்லை.

"குளிக்காமலா?" என்றாள் மீனம்மா.

"ஆண்டவர் பார்க்கிறது உள்ளத்தைத்தான். சேறு பரவாயில்ல!"

"நல்லா இருக்கே! சேத்தோட சாமி முன்னால போறதா? உங்க சாமிக்கு ஒரு மரியாத வேணாமுங்களா?"

லயத்துக்கு இருந்தது மலைநீர் கொட்டும் ஒரே பீலி. அதற்கு முன்னால் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். மரியாதை கருதி ஒவ்வொருவரும் தலைக்கும் ஊற்றிக்கொண்டார்கள்.

செல்லசாமி தனியாக மேட்டில் ஓடினார். மூடுபனிக்குள் ஆலய வாசலில் ஒரு லொறி நின்றது. போதகர் காரில் வராமல் லொறியில் வந்த காரணத்தை யோசிக்கவும் அவருக்கு மூச்சு இல்லை. "ஒரு கால் மணி நேரம்! எல்லாரும் வந்துக்கிட்டே இருக்காங்க!" என்று லொறியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, உள்ளே போய் விளக்குகளைப் போட்டார்.

வந்தார்கள். ஈரத் தலையும் புதுச் சேலையுமாக, நெற்றியில் திருநீறு பூசி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராக வந்தார்கள். அந்தச் சிறிய ஆலயத்தில் உட்காரும் வாங்குகள் நிறைந்தன. நடைபாதையில் சம்மணமிட்டார்கள். இடம் கிடைக்காதவர்கள் சன்னலுக்கு வெளியே நின்றார்கள். தலைமுடியிலிருந்து சொட்டிய நீரில் தரையெல்லாம் நனைந்தது. லோஜினி பாட்டைத் தொடங்கினாள். காலையிலிருந்து பாடியதால் அது இப்போது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

செல்லசாமி சேற்றுச் சட்டையோடு வெளியே ஓடிவந்து லொறியின் கதவைத் தட்டினார்.

"நிறைஞ்சிருச்சு! நீங்களே பாருங்க! ஐயாவ எறங்கச் சொல்லுங்க!"

சாரதி மட்டுமே இறங்கினான். நிறைந்த ஆலயத்தையும், கல் இருந்த இடத்தில் கிடந்த வெறுந்தரையையும் மாறிமாறிப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"ஐயா வரலீங்களே. போன மாசமே கமிட்டியில முடிவாயிருச்சுங்க: கோயில பூட்டுறது, வாங்கெல்லாம் டவுன் கோயிலுக்கு, கல்லு ஐயா வீட்டு மதிலுக்கு. லீவு நாளு, கூட்டமுன்னு போர்டு போட்டிருந்தாலும் ஒருத்தரும் வர மாட்டாங்க, சத்தமில்லாம ஏத்திட்டு வந்துருன்னுதான் என்னைய அனுப்பினாங்க."