டியூப் லைட்டுக்கு அஞ்சிய மாப்பிள்ளை

இறைவன் கேளாமலே கொடுப்பான் என்று காலையில் உருகிப் பாடுகிறவர்கூட, அரசாங்கம் கேளாமலே கொடுக்க வந்தால் கதவைப் பாதி சாத்திக்கொண்டுதான் பேசுவார். அடியேனும் அவ்வகையே. ஆனால் கதவைப் பாதி சாத்தியதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திராது.

எழுபதுகளின் இறுதியில் ஜமுனாமரத்தூர் என்னும் மலையூர்ப் பள்ளியொன்றில் தமிழாசிரியனாக இருந்தேன். விடியலில் ஒரு பதிகம், அந்தியில் ஒரு பதிகம், இடையில் மாணவர்களுக்கு இலக்கணம் (இம்மூன்றில் எதையும் மாணவர்கள் விரும்பியதாக நினைவில்லை). சந்தவாசலில் நெல் மண்டி வைத்திருந்த ஒருவரின் மகளை எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். தை பிறந்தால் திருமணம்.

அந்த ஆண்டு மின்வெட்டு கடுமை. மின்சாரத்தை மிச்சப்படுத்த ஒரு திட்டம் மலைக்கும் வந்தது. வீட்டிலுள்ள நூறு வாட் குண்டு பல்பை ஒப்படைத்தால், நாற்பது வாட் டியூப் லைட்டை இலவசமாகவே மாட்டித் தருவார்களாம். மின்சாரம் பாதிக்கும் கீழே குறையும், வெளிச்சமோ கூடும். குறைவாகப் பெற்றுக்கொண்டு நிறைவாகத் தருவது தெய்வத்தின் குணமல்லவா, அது எப்படி ஒரு கண்ணாடிக் குழலுக்கு வந்தது என்று எனக்கு முதல் ஐயம் அங்கேயே எழுந்தது.

என் வீட்டுக்காரர் வெள்ளையன், சாமை விதைத்துப் புளி உலுக்கிப் பிழைப்பவர், அந்த ஐயத்துக்கு நெய் வார்த்தார். சில ஆண்டுகளுக்கு முன் நெருக்கடி நிலைக் காலத்தில், குடும்பக் கட்டுப்பாட்டு முகாமுக்குப் போனவர்களுக்கு வாளியும் டிரான்சிஸ்டரும் கிடைத்த கதைகள் மலையில் இன்னும் ஆறவில்லை. நெல்லிவாசல்நாட்டில் அவருடைய மச்சினன் ஒருவன் வாளி வாங்கப் போய், ஒரு வாரம் காலை அகற்றி அகற்றி நடந்தானாம்.

“அப்ப வாளி குட்த்தாங்க. இப்ப லைட்டு குடுக்குறாங்க. அவ்ளோதான் வாத்தியாரே வித்தியாசம்” என்றார் வெள்ளையன்.

படித்தவன் என்ற முறையில் நான் சிரித்தேன். பிறகு தனியே உட்கார்ந்து யோசித்தேன். யோசித்ததில், சிரித்திருக்க வேண்டாமோ என்று தோன்றியது. இவ்வுடல் நிலையற்றது, புழுக்கள் வாழும் கூடு என்று அன்றாடம் கண்ணீர் மல்கப் பாடுகிறவன், அக்கூட்டில் ஒரு சிறு நரம்புக்கு ஆபத்து என்றதும் பதிகத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்த்தேன்.

ஒரு ஞாயிறன்று, மகள் வந்து வாழப்போகும் வீட்டைப் பார்ப்பதற்காக மாமனாராக வரவிருந்தவர் மலைப் பேருந்தில் ஏறி வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், கூரையை அண்ணாந்து பார்த்தார், திருப்தியோடு நாற்காலியில் அமர்ந்து காபியைக் கையில் வாங்கினார். அந்த வேளையில்தான் மின்சார இலாகா ஆள் ஒருவர் தோளில் தோல்பையுடன் உள்ளே நுழைந்தார். பையைத் தரையில் வைத்துத் திறந்தார். அதில் ஒரு குறடு, ஒரு சிறு கத்தி, கறுப்புப் பட்டை, ஒரு கொத்து வெள்ளைப் பஞ்சு. (பஞ்சு, குழலின் தூசியைத் துடைப்பதற்காம். அதை அவர் முன்னமே சொல்லியிருக்கலாம்.) குழலை வாசலிலேயே சுவரில் சாய்த்துவிட்டு வந்திருந்ததால் அது என் கண்ணில் படவில்லை.

“வூட்ல எத்தினி பேருங்க?” என்றார், காகிதத்தை எடுத்துக்கொண்டு.

ஒருவன்தான் என்றேன்.

“கல்யாணம் ஆய்ட்ச்சா?”

தையில் ஆகும் என்று மாமனார் முந்திக்கொண்டு பெருமையாகச் சொன்னார்.

“அப்ப ரெண்டு பேருன்னு போட்டுக்குறேன். கொழந்தைங்க பொறந்தா கணக்கு மாறும்.” சற்றே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “ராத்திரி எத்தினி மணிக்குங்க வெளக்க அணைப்பீங்க?”

ஒரு வீடு எவ்வளவு மின்சாரம் செலவழிக்கிறது என்பதைக் கணக்கிட அந்தக் கேள்வி தேவை என்பதை இன்று குழந்தையும் அறியும். அன்று எனக்கு, மணமாகப் போகிறவன் எப்போது விளக்கை அணைப்பான் என்பதில் ஓர் அரசாங்கத்துக்கு என்ன அக்கறை என்பது மட்டுமே விளங்கவில்லை. அவரோ பஞ்சை ஒரு கையிலும் குறட்டை மறு கையிலும் எடுத்துக்கொண்டு எழுந்தார். “பயப்படாதீங்க சார், அஞ்சு நிமிசத்துல முடிச்சிட்டுப் போய்ட்டே இருப்பேன்” என்றார்.

தப்ப ஒரே வழிதான் தெரிந்தது. ஒருமுறை செய்தவனுக்கு மறுமுறை செய்யமாட்டார்கள் அல்லவா?

“ஐயா, தாங்கள் சிரமப்பட வேண்டாம். சென்ற ஆண்டே முகாமுக்குச் சென்று கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டுவிட்டேன்” என்றேன். தமிழாசிரியனாகையால் றகரமும் ரகரமும் பிசகாமல், தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.

மாமனார் காபியைக் கீழே வைத்தார்.

“நான் லைட்டு மாட்ட வந்தவங்க” என்றார் வந்தவர், மெதுவாக. வாசலுக்குப் போய்க் குழலை எடுத்து வந்தும் காட்டினார்.

பொய் சொன்னேன், அச்சத்தால் சொன்னேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நான் மாமனாரின் பின்னால் பேருந்து நிற்கும் இடம் வரை புலம்பிக்கொண்டே ஓடினேன். அவர் படியில் ஏறியபின்தான் திரும்பினார். “அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா? எனக்கு எப்டிங்க தெரியும்?” என்றார். அதுவரை ‘ங்க’ சேர்க்காமல் ‘மாப்ள’ என்று அழைத்தவர், திடீரென்று மரியாதை கொடுத்ததில் என் நெஞ்சு உடைந்தது.

வீடு திரும்பியபோது குழல் இரண்டு மூன்று முறை கண் சிமிட்டிவிட்டுப் பளீரென்று எரியத் தொடங்கியது. முகத்தை ஒளித்துக்கொள்ள அறையில் ஒரு மூலைகூட மிச்சமில்லை.

அடுத்த வாரம் சந்தவாசல் அம்மன் கோயிலில் பெண்வீட்டார் கூடினார்கள். நான் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்பது முடிவு. இன்னதைச் செய்துகொள்ளவில்லை என்று அம்மன் முன்னால் எந்தச் சொற்களில் சொல்வது? இத்தனை நூல் கற்றும் எனக்கு வாய் வரவில்லை. தட்டில் கற்பூரம் வைத்தாயிற்று. ஒரு பெரியப்பா, பட்டணத்து மருத்துவரிடம் காட்டிவிடுவதே உத்தமம் என்று கூட்டத்தில் உரக்கவே யோசனை சொன்னார்.

அப்போது, தூணருகே தலைகுனிந்து நின்ற மணப்பெண் தன் தந்தையைப் பார்த்துக் கேட்டாள்: “பல்பு மாத்த வந்தவரப் பாத்தே இப்டி நடுங்கியிருக்காரு. இவரு தானா போயி ஆபரேசனுக்குப் படுத்திருப்பாராப்பா?”

பூசாரிதான் முதலில் சிரித்தார். மாமனார் அந்தக் கற்பூரத்தை அம்மனுக்கே ஏற்றச் சொன்னார். என் கோழைத்தனம் ஒன்றே என் சார்பில் நின்று வாதாடி வென்ற நாள் அது.

ஆயினும் மண்டிக்காரரின் ஐயம் அவ்வளவு எளிதில் தீர்வதா? மறு ஆண்டு எங்கள் மூத்த மகள் பிறந்தபோது, மாமனார் வந்து துணியை விலக்கிக் குழந்தையின் காதுகளை நெடுநேரம் ஆராய்ந்தார். (என் காதுகள் சற்றே விரிந்தவை, மாணவர்கள் அவற்றுக்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுதுவதற்கில்லை.) பிறகுதான் நிமிர்ந்து, “அத்தாட்சி வந்துட்ச்சி” என்று சொல்லி, எல்லோருக்கும் சர்க்கரை வழங்கினார்.

அவளுக்கு ஒரு நாயகியின் திருப்பெயரைத் தேடித் தேடிச் சூட்டினேன். பயனில்லை. இன்று அவள் வேலூரில் பெரிய அதிகாரி. அவள் கையெழுத்துக்காகப் பலர் காத்திருக்கிறார்கள். சந்தவாசல் உறவினர் யார் வந்தாலும், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பது மட்டும் மாறவில்லை: “அத்தாட்சி வூட்ல இருக்குதா?”