நாலெட்டு அண்ணனும் எங்கள் டொமைனும்

வில்லியனூரைத் தாண்டித் திருக்கனூர் போகிற சாலையில் எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாலும் உள்ளே நாலு எட்டு இருக்கும். உரக்கடை, போட்டோ ஸ்டூடியோ, டியூஷன் சென்டர், கரும்புக்காரர் மகளின் லேப்டாப், எதுவும் தப்பவில்லை. அத்தனையையும் நட்டுவிட்டுப் போனவர் ஒரே ஆள். அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. அவர் மனைவியே போனை எடுத்தால், "நாலெட்டு வூடுதான், சொல்லுங்க" என்பார்.

கேபிள் டி.வி.க்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தவர். இன்டர்நெட் வந்ததும் அதையும் அதே கம்பத்தில் ஏறி இழுத்தார். ஒரு நாள் ஊர் முழுக்க ஒரு வெப்சைட்டும் திறக்கவில்லை. யாரோ போனில் சொல்லச் சொல்ல, ஒரு கம்ப்யூட்டரின் செட்டிங்கில் போய் 8.8.8.8 என்று அடித்தார். எல்லாம் திறந்துகொண்டது. நாம் ஒரு வெப்சைட்டின் பெயரை அடித்தால், அது எந்த எண்ணில் இருக்கிறது என்று தேடிச் சொல்வதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. அதற்கு டி.என்.எஸ். என்று பெயர். அன்றைக்கு ஊருக்கு விடை சொல்லிக்கொண்டிருந்த டி.என்.எஸ். படுத்துவிட்டது, அதற்குப் பதிலாக யார் வேண்டுமானாலும் கேட்கக்கூடிய, அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் பொதுவான டி.என்.எஸ்.ஸை இவர் வைத்தார். நடந்தது அவ்வளவுதான். அண்ணனோ சகல நோய்க்கும் மருந்து கிடைத்துவிட்டதாக முடிவு கட்டிவிட்டார்.

அதிலிருந்து எதற்கும் நாலெட்டுதான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் நாலெட்டு. ஸ்பீக்கர் கரகரத்தால் நாலெட்டு. உரக்கடை கீபோர்டில் டீ கொட்டியபோது, அதைக் கவிழ்த்து உதறிவிட்டு, எட்டு மட்டும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, "பொழச்சிக்கும்பா" என்று எழுந்துவிட்டார்.

செல்லிப்பட்டில் ஒரு கல்யாணம். துபாயில் இருக்கிற மாப்பிள்ளையின் அண்ணன் பார்ப்பதற்காக நேரலை ஏற்பாடு. தாலி கட்டப் போகிற நேரத்தில் படம் உறைந்துவிட்டது. டிபன் பந்தியில் உட்கார்ந்திருந்தவரை இழுத்து வந்தார்கள். வலது கையில் பொங்கல் அப்படியே இருக்க, இடது கை ஆள்காட்டி விரலால் எட்டு, புள்ளி, எட்டு, புள்ளி என்று குத்தினார். "அவரு அடிச்சி முடிக்கட்டும், இரு" என்று மேளக்காரரைக் கையமர்த்தினார்கள். படம் வந்தது, தாலி ஏறியது. அதே சமயம் கேமராக்காரர் குனிந்து, கழன்று கிடந்த ஒயரைச் செருகியதை ஊரில் ஒருவரும் கவனிக்கவில்லை.

பைக்குக்கு 8888 கேட்டு அலைந்தார். 8887தான் கிடைத்தது. "ஒண்ணு கொறையுது பாரு, அதான் மேடு ஏற மாட்டேங்குது" என்று சாகும் நிலையில் இருந்த அந்த வண்டியைக் காட்டிச் சொல்வார்.

இப்படிப்பட்டவர் கோலோச்சிக்கொண்டிருந்த ஒரு சின்ன தனியார் நர்சிங் கல்லூரிக்குத்தான் நான் சிஸ்டம் அட்மினாகப் போனேன். பி.சி.ஏ. முடித்த கையோடு நெட்வொர்க் கோர்ஸும் படித்த சூடு. கல்லூரிக்குப் புது சர்வர் வந்திறங்கியிருந்தது. லேபில் இருக்கிற கம்ப்யூட்டர்களை எல்லாம் அந்த சர்வரின் கீழ் ஒரே குடும்பமாகச் சேர்க்க வேண்டும். டொமைனில் சேர்ப்பது என்பார்கள். சேர்த்துவிட்டால் எந்த மாணவி எந்த மெஷினில் உட்கார்ந்தாலும் தன் பெயரில் நுழைந்து பரீட்சை எழுதலாம்.

பிரின்சிபால் மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிற்க வைத்தே பேசினார். "திங்கக்கிழமை மாடல் எக்ஸாம். அதுக்குள்ள எல்லா மெஷினும் சர்வர்ல சேந்திருக்கணும். இல்லன்னா மொத்தத்தையும் டவுன் கம்பெனிகிட்ட குடுத்துடுவேன். அப்புறம் அவரும் வேணாம், நீயும் வேணாம்."

வெளியே வந்ததும் அண்ணன் கேட்டார்: "இன்னாம்மா, டொமைனுன்னா இன்னா?"

"நீங்க கவலைப்படாதீங்கண்ணா. நான் பாத்துக்கறேன்."

முதல் மெஷினிலேயே முட்டிக்கொண்டது. டொமைன் பெயரை அடித்தால், அப்படி ஒரு டொமைனைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று சிவப்பு வட்டம். ஒயர் சரி. சர்வர் ஓடுகிறது. சர்வரின் எண்ணை அடித்துக் கூப்பிட்டால் பதில் வருகிறது; பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரென்றே தெரியாது என்கிறது. எண்ணுக்குப் பதில் உண்டு, பெயருக்கு இல்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது டி.என்.எஸ்.ஸைத்தான். செட்டிங்கைத் திறந்தேன். நாலு எட்டு. அடுத்த மெஷின், நாலு எட்டு. லேப் முழுக்க வரிசையாக உட்கார்ந்திருந்தன.

எங்கள் கல்லூரி டொமைனின் பெயர் எங்கள் சர்வருக்கு மட்டும்தான் தெரியும். வெளியே இருக்கிறவனிடம் கேட்டால் கையை விரிப்பான். எட்டுகளை எடுத்துவிட்டு சர்வரின் எண்ணைப் போட்டேன். டொமைனுக்கு வருக வருக என்று மெஷின் வரவேற்றது. சாயந்திரத்துக்குள் லேப் முழுவதையும் சேர்த்துவிட்டு, அரியூரில் இருக்கிற என் வீட்டுக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே பாடிக்கொண்டு போனேன்.

மறுநாள் காலையில் மாணவிகள் நுழையப் பார்த்தால், டொமைன் இல்லை என்கிறது. சர்வரை அணைத்துப் போட்டேன். கடிகாரம் ஒத்துப்போகிறதா என்று பார்த்தேன், ஃபயர்வாலை நிறுத்திப் பார்த்தேன். கடைசியில் செட்டிங்கைத் திறந்தால் மறுபடியும் நாலு எட்டு. வைரஸ்தான் என்று முடிவு கட்டி லேப் முழுக்க ஸ்கேன் ஓடவிட்டேன். வைரஸ் ஒன்றும் சிக்கவில்லை. எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் போனேன். வெள்ளிக்கிழமை காலை, திரும்பவும் எட்டு. திரும்பவும் மாற்றினேன்.

மேடம் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "டவுன் கம்பெனிக்காரங்க நம்பர் என்கிட்ட இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை முதல் பஸ் பிடித்து வந்து லேப் கதவைத் தள்ளினேன். வைரஸ் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மெஷின் மெஷினாக உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தது. ஒற்றை விரல். டொக், டொக், டொக், டொக். அட்மின் பாஸ்வேர்டு அவர் வைத்ததுதான். அது என்ன என்று சொல்லத் தேவையில்லை.

"அண்ணா! என்னண்ணா பண்றீங்க?"

"வா பாப்பா. நீ ஒண்டியா கஷ்டப்பட வேணாம்னு நானே ராவோட ராவா வந்து சரி பண்ணிட்டுப் போறன். ரெண்டு நாளா எவனோ நம்ம எட்டைப் புடுங்கிட்டு வேற இன்னாத்தையோ போட்டு வச்சிட்டுப் போறான்."

"நான்தாண்ணா அது!"

எழுந்து நின்றுவிட்டார். "நீயா? ஏம்மா, சார் மேடமெல்லாம் பாடம் நடத்த வீடியோ தெறக்கலன்னு எனக்கு போன் மேல போன் போடறாங்க. நீ புடுங்கினா நெட்டு எப்படி வரும்?"

அதுவும் உண்மை. வெளி இணையத்தைப் பரீட்சை முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். சர்வருக்கு உள்ளூர்ப் பெயர் மட்டும்தான் தெரியும்.

"அண்ணா, நம்ம ஆபீஸ் ரூம்ல யாரு உக்காந்திருக்காங்கன்னு அமெரிக்காக்காரன்கிட்ட கேட்டா அவனுக்கு எப்படித் தெரியும்?"

"அமெரிக்காக்காரனுக்குத் தெரியாததா?"

"ஐயோ! நாலெட்டுக்கு நம்ம சர்வர் தெரியாதுண்ணா."

"உன் சர்வர் நேத்து வந்தது. நாலெட்டு எத்தினி வருசமா ஓடுது தெரியுமா? ஒரு நாள் லீவு போட்டிருக்குமா?" குரல் இறங்கியது. "அத்த எடுத்துட்டா அப்பறம் எனக்கு இங்க இன்னா வேல? மேடம் சொன்ன மாதிரி டவுன்காரன் வந்து குந்திக்குவான்."

பாஸ்வேர்டை மாற்றிப் பூட்டியிருக்கலாம். பூட்டினால் லேப் ஓடும், அவர் வேலை போய்விடும். எனக்கு அப்போதுதான் வழி தோன்றியது. கையைப் பிடித்து சர்வர் முன்னால் உட்கார வைத்தேன்.

"லேப்ல இருக்கற மெஷினெல்லாம் இனிமே இந்த சர்வரைத்தான் கேக்கும். உள்ளூர் பேருன்னா இதுவே சொல்லிடும். வெளியூர் பேரு வந்தா இது யாரையாவது கேக்கணும் இல்ல? அது யாருன்னு இந்தக் கட்டத்துல போடணும். ஃபார்வர்டர்னு பேரு."

கட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்ப இது மட்டும்தான் நாலெட்டக் கேக்குமா?"

"இது மட்டும்தான். லேப் மொத்தத்துக்கும் இதுவே கேட்டு வாங்கிக் குடுக்கும்."

"தலைவருகிட்ட தலைவரு பேசற மாதிரின்னு சொல்லு."

"அப்படித்தாண்ணா."

லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டார். ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு மூச்சு விட்டு அடித்தார். அடித்து முடித்ததும் இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். பிறகு இருவருமாக லேபில் வரிசையாகப் போனோம். எட்டை எடுத்து சர்வரின் எண்ணைப் போடுகிற வேலையை என்னை விட வேகமாக அவரே செய்தார். பாடம் நடத்துகிற வீடியோ ஓடியது. டொமைனும் கழன்றுகொள்ளாமல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. நான்தான் வந்து நாள் முழுக்க ஒவ்வொரு மெஷினாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றிலும் எண் அசையவில்லை.

திங்கட்கிழமை மாணவிகள் உட்கார்ந்தார்கள், அவரவர் பெயரில் நுழைந்தார்கள், எழுதினார்கள். மேடம் வாசலில் நின்று பார்த்தார்.

"யாரு சரி பண்ணது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், "பொண்ணுதான் மேடம். நல்லா படிச்சிருக்கு. ஆனா ஒண்டியா வுட்டா எல்லாத்தையும் புடுங்கிடும். கூட ஒரு ஆள் இருக்கணும்" என்றார்.

மேடத்துக்குச் சிரிப்பு வந்து நான் பார்த்தது அன்று ஒரு முறைதான். டவுன் கம்பெனிக்குப் போன் போகவில்லை. எங்கள் இருவர் வேலையும் தப்பியது.

இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறோம். நான் லீவு போட்டால் போதும், காலையிலேயே போன் வந்துவிடும். உடம்புக்கு என்ன, வீட்டில் எல்லாரும் நலமா என்றெல்லாம் கேட்கத் தெரியாது. "வூட்ல நெட்டு ஓடுதா பாப்பா?" என்பார். ஓடவில்லை என்று சொன்னால் அந்த 8887 வண்டியை எடுத்துக்கொண்டு அரியூருக்கே வந்து நிற்பார். அதனால் எத்தனை காய்ச்சல் அடித்தாலும் "ஓடுதுண்ணா" என்றுதான் சொல்கிறேன். அப்படியும் மத்தியானம் இன்னொரு தடவை கேட்பார். போனைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு படுத்திருப்பேன்.