முறுக்கு நமுக்காத தூரம்

மல்லேஸ்வரம், பெங்களூர்
12-5-1963

மைத்துனர் வைத்தீஸ்வரன் அவர்களுக்கு வெங்கடராமன் அநேக நமஸ்காரம் செய்து எழுதுவது. இங்கு நான், தங்கள் தங்கை ராஜலக்ஷ்மி, குழந்தை ரமா மூவரும் தங்கள் கடிதம் வரும்வரை க்ஷேமமாக இருந்தோம். கும்பகோணத்தில் தாங்களும் இதைப் படிக்கும்வரை அப்படியே இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

சீர் முறுக்கு நமுத்துப் போகாத தூரத்தில்தான் பெண்ணைக் கொடுப்பது குடும்ப வழக்கம், பையன் இருக்கும் லண்டனோ ஐயாயிரம் மைல், அந்த வரனை விடாவிட்டால் மாலை மாற்றும்போது ரமாவைத் தூக்க மாமன் தோள் வராது என்று எழுதியிருக்கிறீர்கள். விடுவதாக இல்லை. தோள் வராவிட்டால் நானே தூக்குகிறேன். ஒத்திகையாக அரிசி மூட்டையைத் தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டு, இதைக் குப்புறப் படுத்துத்தான் எழுதுகிறேன் என்பது வேறு விஷயம்.

முதலில் சுவரில் மாட்டிய உலகப் படத்தில் நூல் வைத்து அளந்தேன். பிரேசர் டவுன் பூகோள வாத்தியார் சிரில் பார்த்துவிட்டு, "பூமியைத் தோசை மாதிரி பரப்பி வெச்சு அளக்குறீங்களே சார், அது உருண்டை, பிளேன் குறுக்கால போயிடும்" என்று பள்ளிக்கூடத்து உருண்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஒரு சாண்கூட இல்லை. ராஜியிடம் காட்டினால், "அண்ணா நூலாலயா அளக்கச் சொன்னார்? முறுக்காலன்னா சொன்னார்" என்றாள். அப்படியா சேதி என்று அன்றே எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றச் சொன்னேன். சிரிலின் தம்பி யூஜின், பம்பாயிலிருந்து லண்டன் போகிற விமானத்தில் சாப்பாடு பரிமாறுகிறவர், லீவு முடிந்து கிளம்பினார். ஒரு டின்னை அவர் தலையில் கட்டினேன். மூன்றாம் நாள் மாப்பிள்ளைப் பையனின் தந்தி: "முறுக்கு உடைந்தது. நமுக்கவில்லை." இவ்வளவு நேர்மையான பிள்ளையையா விடச் சொல்கிறீர்?

போன தீபாவளிக்கு ரயிலில் அனுப்பிய டின்னைத் திறந்துவிட்டு, முறுக்கா கொழுக்கட்டையா என்று கேட்டு எழுதியது யாருங்காணும்? ஆகவே நம் வழக்கப்படி பெங்களூருக்கு லண்டன் கிட்டே, கும்பகோணம்தான் எட்டாத சீமை. அந்தச் சட்டத்தை அன்றே பார்த்திருந்தால் நான் தங்கள் வீட்டில் பெண்ணே எடுத்திருக்கக் கூடாது. இந்த வரியைச் சத்தம் போட்டுப் படித்தது தப்பு. சமையலறையில் ராஜி கேட்டுவிட்டாள். மத்தியானத்திலிருந்து எனக்கு மிச்ச முறுக்குதான் ஆகாரம். அப்போதும் நான் இறங்கி வருவதாக இல்லை.

மன்னிக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். தங்கள் தோளுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது.

இப்படிக்கு,
வெங்கடராமன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் ரமா வாங்கிப் படித்தாள். "சும்னே இருங்கோப்பா. லண்டன் கிட்டக்கன்னு நிரூபிச்சு வெச்சா, நீங்களும் மாமாவும் மாசாமாசம் வந்து நிப்பேளே. தூரம்னுதானே நான் சரின்னேன்" என்கிறாள். அவள் உள்ளே போனதும் உருண்டையில் மறுபடி நூல் வைத்துப் பார்த்தேன். தாங்கள் சொன்னதே சரி, தூரந்தான். கல்யாணத்துக்கு அவசியம் வரவும். மாப்பிள்ளை மாலையோடு கிட்டே வரும்போது பெண்ணைத் தூக்கிக்கொண்டு மாமன் பின்வாங்குவது வழக்கம்தானே. வழக்கத்தைவிட இன்னும் கொஞ்சம் பின்வாங்கவும்.