மாமா காரின் கூரை

என் தாய்மாமன் காரின் கூரையை அறுத்தவன் நான்தான். குடித்துவிட்டு அறுக்கவில்லை. கோபத்தில் அறுக்கவில்லை. யாரும் கத்தியைக் காட்டி மிரட்டவும் இல்லை. காலையில் நன்றாகக் குளித்து, திருநீறு பூசி, வயிறு நிறையப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு, இருபத்து நான்கு வயதுக்குரிய முழுப் புத்தியோடு பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் கீழ வச்சி அறுங்க பாய்" என்று யோசனையும் சொன்னேன். இந்த முட்டாள்தனத்தில் வேறு யாரையும் பங்காளியாகச் சேர்த்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. (சேர்த்துக்கொள்ளத்தான் பார்த்தேன். ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.)

அறுபதுகளின் தொடக்கம் அது. ஏகாம்பரம் மாமா என் அம்மாவுக்கு அண்ணன். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருந்தார். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிய சமயத்தில் ஒரு துரையிடமிருந்து கறுப்புச் சீமைக் கார் ஒன்றை வாங்கியிருந்தார். மற்றவர்கள் கார் வாங்குவது ஓட்டுவதற்காக. மாமா வாங்கியது, அது எப்படி இருந்ததோ அப்படியே வைத்திருப்பதற்காக. "கம்பெனியிலேருந்து எப்படி வந்துதோ அப்படி" என்பதுதான் அவருடைய மந்திரம். காரோடு ஓர் இங்கிலீஷ் புத்தகமும் வந்திருந்தது. மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் படம் பார்க்கத் தெரியும். மாதம் ஒருமுறை புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, படத்தில் இருக்கிற ஆணியெல்லாம் காரில் இருக்கிறதா என்று எண்ணிச் சரிபார்ப்பார்.

ஒருமுறை ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போகிற வழியில், கூட்டேரிப்பட்டுக்கு முன்னால் எங்கேயோ ஒரு மறை கழன்று விழுந்துவிட்டது. எங்கள் எல்லோரையும் இறக்கிவிட்டார். பட்டுப்புடவை கட்டியிருந்த அம்மா உட்பட ஆறு பேர் ரோட்டில் குனிந்தபடி முக்கால் மைல் பின்னோக்கி நடந்தோம். கடைசியில் மாமாவே கண்டெடுத்தார். பிள்ளையைப் பெற்றெடுத்தவள்கூட அப்படிப் பூரித்திருக்க மாட்டாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் நேர் எதிர்க்கட்சி. எந்தப் பொருளையும் வந்தபடியே விட்டுவைக்க எனக்குக் கை வராது. என் சைக்கிளின் கைப்பிடியில் கலர் குஞ்சம் தொங்கும். சக்கரத்து அச்சில் சாயம் போட்ட பிரஷ் சுற்றும். மணி இரண்டு, கண்ணாடி மூன்று. (முன்னால் என்ன வருகிறது என்பதைத் தவிர மற்ற எல்லாமே எனக்குத் தெரியும்.) விழுப்புரத்து டாக்ஸிகளில் கொசுவம் வைத்த ஜன்னல் திரையும் காகிதப் பூவும் குட்டி குட்டி விளக்கும் பார்த்துவிட்டு வந்து, மாமாவிடம் ஆரம்பித்தேன்.

"மாமா, ஒரு திரையாவது போடலாம். கீழ ஒரு கலரு, மேல ஒரு கலரு அடிச்சா வண்டி சும்மா எப்படி இருக்கும்?"

மாமா கார் விளக்கைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "ஒங்கம்மா மூக்கு சப்பைதான். மெழுகு வச்சி நீட்டி வுட்டுடலாமா?"

"பேசறது காரப் பத்தி. நடுவுல என் மூக்கு எதுக்கு வருது?" என்று உள்ளேயிருந்து அம்மா கத்தினாள்.

இந்த நிலையில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பெண் விழுப்புரம், பெயர் சுந்தரி. முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோவிலிலிருந்து மண்டபம் வரை மேளதாளத்தோடு மாப்பிள்ளையைக் காரில் அழைத்துவருவார்கள். அது திறந்த காராக இருக்க வேண்டும். மூடிய காரில் போனால் மாப்பிள்ளை போகிறானா, மளிகைப் பொட்டலம் போகிறதா என்று ஊருக்கு எப்படித் தெரியும்? அதோடு, சுந்தரியின் அக்காளைக் கட்டிய கண்டமங்கலத்துச் சகலை போன வருஷம் திறந்த காரில்தான் வந்திருந்தார். ஆகவே நான் யோசிக்காமல் மாமனாருக்குக் கடிதம் எழுதிவிட்டேன்: "திறந்த காருக்கு என் பொறுப்பில் ஏற்பாடு ஆகிவிட்டது."

எழுதிய பிறகுதான் விசாரித்தேன். விழுப்புரத்தில் வாடகைக்கு விடுகிற திறந்த கார் ஒன்றே ஒன்று. அதே சாயங்காலத்துக்கு அதை வேறொரு மாப்பிள்ளை பிடித்து வைத்திருந்தான்.

விஷயம் தெரியாமலே மாமா குறுக்கே வந்தார். "என் தங்கச்சி மவன் என் வண்டியிலதான் போவணும்" என்றார். அந்தக் காரை அவர் இன்னொருவர் கையில் கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை. அவருக்குத் திருப்பதியில் ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. முடித்துவிட்டு ரயிலில் நேராக விழுப்புரம் வந்துவிடுவதாகத் திட்டம். சாவியை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவரே மடக்கிவிட்டார். "பாய்கிட்ட வுட்டு ஆயில் மாத்தச் சொல்லு. வேற எதையும் தொடக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மாமா" என்றேன். அந்த நிமிஷம் உண்மையாகவே புரிந்துதான் இருந்தது.

காசிம் பாய்க்குச் சொந்த ஊர் கோட்டக்குப்பம். விழுப்புரத்தில், எங்கள் கல்யாண மண்டபத்துக்குப் பின்தெருவில், கார் ரிப்பேருக்கும் தகர வேலைக்குமாக ஒரு கொட்டாய் போட்டிருந்தார். அவர் ஆயில் மாற்றுகிற நேரத்தில் நான் சும்மா இருக்க முடியாமல் காரிலேயே இருந்த மாமாவின் இங்கிலீஷ் புத்தகத்தைப் புரட்டினேன். நடுப்பக்கத்தில் ஒரு படம். அதே கார், அதே விளக்கு, அதே சக்கரம். கூரை மட்டும் இல்லை. தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரச்சி காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. "பாய், இதப் பாருங்க. கம்பெனிக்காரனே திறந்த வண்டியும் செஞ்சிருக்கான்!"

"செஞ்சிருக்கான் தம்பி. திறந்த வண்டியாவே செஞ்சது. மூடினத அறுத்துத் தெறக்கல."

"கூரைய எடுத்துட்டா இதுவும் அதுவும் ஒண்ணுதானே?"

"தலைய எடுத்துட்டா நீயும் நானும்கூட ஒண்ணுதான்." பாய் கையைத் துடைத்துக்கொண்டார். "மண்டிக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். (தெரியத்தானே போகிறது என்பதைச் சுருக்கமாகச் சொன்னேன்.) "கல்யாணம் முடிஞ்சதும் திரும்ப ஒட்டிடலாம் இல்ல?"

"ஒட்டலாம். ஒட்டினது ஒட்டினதாத் தெரியும். பேஜாரு புடிச்ச வேலை, வேணாம்."

கம்பெனியே செய்திருப்பதால் மாமாவின் மந்திரத்துக்கு இது விரோதமில்லை என்று அரைநாள் வாதாடினேன். கேட்டுக் கேட்டுக் காது வலித்தோ என்னவோ, பாய் ரம்பத்தை எடுத்தார். மறுநாள் மாலை, இட்லிப் பானை மூடியைத் தூக்குகிற மாதிரி நாலு பேர் கூரையைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். கார் அவ்வளவு அழகாக இருந்தது. அந்த அழகு நான் ஏறி உட்காரும் வரை நீடித்தது. உட்கார்ந்ததும் வண்டி நடுவில் லேசாகத் தொய்ந்தது. இரண்டு பக்கத்துக் கதவும் 'வாங்க, வாங்க' என்பதுபோலத் தானாகத் திறந்துகொண்டன.

பாய் தலையில் கை வைத்தார். "கூரைதான்யா இத்தினி நாளா எல்லாத்தையும் புடிச்சிக்கினு இருந்திருக்கு!"

கதவுகளைக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டினோம். கட்டு தெரியாமல் மேலே பூச்சரம் சுற்றினோம். மாப்பிள்ளை ஏறுவதற்கு முக்காலி போட்டார்கள். இறங்குவதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

ஊர்வலம் பிரமாதம். பாய் ஓட்டினார். தெருப் பிள்ளைகள் வழக்கம்போல என்னைச் சுற்றி ஏறிக்கொண்டார்கள். ஒவ்வொரு பிள்ளை ஏறும்போதும் கார் ஒரு முனகல் முனகி, வயிற்றைத் தரைப்பக்கம் இறக்கியது. நான் அதைக் கவனிக்காமல் மாடிகளைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தேன். நான் என்னையே மெச்சிக்கொண்டது அதுதான் கடைசி.

மண்டப வாசலில் பெண்கள் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். அவர்களுக்குப் பக்கத்தில், ரயிலிலிருந்து இறங்கிய கையோடு, மஞ்சள் பையும் சந்தனம் பூசிய மொட்டைத் தலையுமாக ஏகாம்பரம் மாமா.

மேளம் ஓய்ந்த அந்த ஒரு நொடிக்காகவே காத்திருந்ததுபோல ஒரு வாண்டு கத்தியது. "டேய், அவுரு காரும் மொட்டை போட்டுக்கினு வந்துருக்குடா!"

தெருவே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. அவர் பார்வையிலிருந்து தப்பிக்க அவசரமாக இறங்கப் போனேன். கதவில் கம்பி. வேறு வழியில்லாமல் மேலே ஏறித் தாண்டினேன். அறுத்த இடத்தில் துருத்திக்கொண்டிருந்த தகரம் பட்டுவேட்டியைப் பிடித்துக்கொண்டது. நான் கீழே வந்தேன். வேட்டி காரிலேயே தங்கிவிட்டது. (உள்ளே அரைக்கால் டிராயர் போட்டிருந்தேன். சைக்கிள்காரனுக்கு இருந்த ஒரே நல்ல பழக்கம்.) சுந்தரியின் அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆரத்தி சுற்றினாள்.

மாமா பக்கத்தில் வந்தார். "கூரை எங்க?"

"பாய் கொட்டாயில, மாமா. பத்திரமா இருக்கு."

பையை அம்மா கையில் கொடுத்துவிட்டு நடந்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் காலை வரை அவர் மண்டபத்துக்கு வரவில்லை. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் நெற்றியில் பட்டம் கட்டிவிட்ட பிறகுதான் மாப்பிள்ளை மணையில் உட்கார முடியும். ஐயர் இரண்டு தடவை "தாய்மாமன் எங்கே?" என்று கேட்டுவிட்டார். மாமனார் கடிகாரத்தைப் பார்த்தார். கண்டமங்கலத்துச் சகலை என் காதருகே குனிந்து, "கூரைய மட்டும்தான் அறுத்தீங்களா, இல்ல ஒறவையும் சேத்தா?" என்றார்.

அம்மா தீர்மானமாகச் சொன்னாள்: "எங்கண்ணன் பட்டம் கட்டாம நீ மணையில ஏறக் கூடாது. ஏறினா நான் பாட்டுக்கு எழுந்து ஊருக்குப் போய்க்கினே இருப்பேன்."

அப்பா இல்லாத பிள்ளை நான். பள்ளிக்கூடத்தில் போட வேண்டிய கையெழுத்திலிருந்து பெண் பார்க்கப் போனதுவரை எல்லாமே மாமாதான். அதையெல்லாம் நினைத்துப் பார்க்க நான் தேர்ந்தெடுத்த நேரம், முகூர்த்தத்துக்கு அரைமணி முன்பு. கையில் காப்பும் கழுத்தில் மாலையுமாகப் பின்தெருவுக்கு ஓடினேன்.

கொட்டாய்க்குள் சுவரோரம் கூரை கவிழ்ந்து கிடந்தது. அதற்கு முன்னால் மாமா குந்தியிருந்தார். இரண்டு நாளில் பாயின் கோழிகள் அதைத் தங்கள் மேடையாக்கிக்கொண்டு, மேலெல்லாம் அசிங்கம் பண்ணி வைத்திருந்தன. மாமா துண்டை நனைத்து ஒவ்வொரு புள்ளியாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, தப்புதான். அந்தப் புஸ்தகத்துல திறந்த கார் படம் இருந்துது, அதனாலதான்…"

"அதுல கப்பல் படம்கூட இருக்கு" என்றார் மாமா, நிமிராமல். "அதுக்காக வண்டிய வீடூர் அணையில வுட்டுடுவியா?"

துண்டைப் பிழிந்துவிட்டு அடுத்த புள்ளிக்குப் போனார்.

"எனக்கு எதையும் நல்லாச் செய்யத் தெரியாதுடா. வந்தத வந்தபடி வச்சிக்க மட்டுந்தான் தெரியும். அந்த ஒண்ணையும் கெடுத்துட்டியே."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "எல்லாரும் காத்துக்கினு இருக்காங்க. நீங்க வரமாட்டீங்கன்னு அம்மா அழுவுது மாமா."

அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் நிஜமான ஆச்சரியம். "வரமாட்டேன்னு எவன் சொன்னது?" சட்டைப் பையிலிருந்து பட்டத்தை எடுத்துக் காட்டினார். மஞ்சள் நூலில் கோத்து, மடித்து, தயாராக இருந்தது. "கோழி எச்சம் காஞ்சா பெயிண்ட்ட அரிச்சிடும்டா. தொடச்சிட்டு வரலாம்னு ஒக்காந்தேன். நீயும் புடி, ஜல்தி!"

மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஜரிகை அங்கவஸ்திரத்தை நனைத்து நானும் துடைத்தேன். "அழுத்தாத. பாலிஷ் போயிடும்" என்று அப்போதும் அதட்டினார். கடைசிப் புள்ளி போகும் வரை அவர் எழுந்திருக்கவில்லை. பிறகு இருவரும் முக்காலி போட்டு ஏறி, முந்தின ராத்திரியே பாய் கொண்டுவந்து நிறுத்தியிருந்த மொட்டைக் காரிலேயே மண்டபத்துக்குத் திரும்பினோம். பட்டத்தை அவர் கட்டிய இறுக்கத்தில் என் கண் இரண்டும் காதுப்பக்கம் போயின. தாலி கட்டுகிற நேரத்தில் எனக்கு இரண்டு சுந்தரிகள் தெரிந்தார்கள். ஏதோ தைரியத்தில் ஒருத்திக்குக் கட்டினேன். நல்லவேளை, சரியான ஆளாக இருந்தது.

அடுத்த வாரமே பாய் கூரையை வைத்துப் பற்றவைத்துவிட்டார். காரைச் சுற்றி அரைஞாண் கயிறு கட்டின மாதிரி ஒரு தழும்பு நின்றது. அதன்மேல் பூசி, பெயிண்ட் அடித்து, இருந்த இடமே தெரியாமல் மறைத்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். மாமா ஒப்பவில்லை. "அறுத்தது அறுத்தபடி தெரியட்டும்" என்றுவிட்டார். மண்டிக்கு யார் வந்தாலும் அந்தத் தழும்பைத் தடவிக் காட்டி, "இது கம்பெனி வேலை இல்ல, எங்க மாப்ள வேலை" என்பார். எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் தோசை கிழிந்தாலும், அலமாரி கோணலாக நின்றாலும், யாரோ ஒருவர் "மாப்ள வேலை" என்கிறார்கள். என் பேரன்களுக்கு அது என்னைச் சொல்வது என்றுகூடத் தெரியாது. (சுந்தரிக்குத் தெரியும். அவள்தான் அதிகமாகச் சொல்கிறாள்.)

பற்றவைத்த இடத்தில் ஒழுகல் மட்டும் நிற்கவே இல்லை. சொட்டுச் சொட்டாக, சரியாக ஓட்டுகிறவர் உச்சந்தலையில் விழும். மாமா துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓட்டினாரே தவிர, தார் வைத்து அடைக்கச் சம்மதிக்கவில்லை. தார் கம்பெனியில் போட்டது இல்லையாம்.

என் மூத்த மகனுக்குக் காதுகுத்த மயிலம் போனபோதும் அந்தக் காரில்தான் போனோம். காரியம் நல்லபடியாக முடிந்து, மலையடிவாரத்தில் எல்லோரும் சாப்பிட்டு ஓய்ந்திருந்தோம். குழந்தை மாமாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று, கல்யாணத்திலிருந்து நெஞ்சில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"மாமா, அந்தக் கூரை விஷயத்துல, என் மேல இன்னும் கோவம் இருக்கா?"

மாமா குழந்தையின் மேல் உட்கார வந்த ஈயை விரட்டிவிட்டுச் சொன்னார்.

"மழை பேஞ்சா மட்டும்."