ஏழாம் எண் பள்ளம்

சபினோ கவுண்டி என்கிற எங்கள் மாவட்டத்தில் மண்மேல் நாலு வண்டி போய் வந்தால் மட்டும் அது சாலை ஆகிவிடாது. அதைச் சாலை என்று கவுண்டி சாலைத் துறை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்று எழுதும் மேஜையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவன் நான். பெயர் வெர்ன் ஸ்டாக்டன்.

கரடி ஓடைப் பாதை அப்படி ஒப்புக்கொள்ளப்படாத ஒன்று. ஊர் எல்லையில் தொடங்கி ஏழு மைல் மலைமேல் ஏறும். அதன் கடைசியில் எலாய் ட்ருஹியோவும் அவர் மனைவி பெனிடாவும் நாற்பது செம்மறிகளோடு இருக்கிறார்கள். எலாயிடம் பத்தொன்பது வருஷத்துப் பச்சைக் கார் ஒன்று உண்டு. சின்னது, முன்சக்கரம் மட்டும் இழுப்பது. பின்பக்க பம்பரைக் கம்பி போட்டுக் கட்டியிருப்பார்.

ஒவ்வொரு வசந்தத்திலும் பாதையைச் செப்பனிடச் சொல்லி எலாய் மனுக் கொடுப்பார். "நாளொன்றுக்கு இருபது வண்டிகளாவது செல்லாத பாதையைச் செப்பனிட விதிகளில் இடமில்லை" என்று நான் பதில் எழுதுவேன். பாதை இப்படிக் கிடப்பதால்தான் யாரும் வருவதில்லை என்று அவர் மறுபடி எழுதுவார். "தங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது" என்று நானும் எழுதுவேன். பதினோரு வருஷம் நாங்கள் இருவரும் மிக மரியாதையாக இப்படிக் கடிதம் எழுதிக்கொண்டோம்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊருக்கு அந்த வண்டி வந்தது.

முதலில் வாங்கியவர் என் மேலதிகாரி, சாலைத் துறை இயக்குநர் ட்வைட் பொமராய். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. பாறை மேல் ஏறும், சேற்றில் நீந்தும், சரிவில் தானே நிதானித்து இறங்கும். கழுத்தளவு தண்ணீரில் போனாலும் எஞ்சின் மூச்சுவிட ஒரு குழாய் கண்ணாடி ஓரமாக மேலே போகும். கூரையில் கூடாரம், கூடாரத்துக்கு ஏணி, இரண்டு தண்ணீர் கேன், சிவப்புச் சாயம் பூசிய மண்வெட்டி. முன்பக்கத்தில், எங்காவது மாட்டிக்கொண்டால் இழுத்துக்கொள்ள, இரும்புக் கம்பிவடம் சுற்றிய வின்ச். ட்வைட்டின் வீட்டிலிருந்து அலுவலகம் ஒன்றேகால் மைல். நடுவில் ஒரு வேகத்தடை இருக்கிறது. அதைக் கடக்கும்போது நான்கு சக்கரத்துக்கும் மாற்றிக்கொள்வார்.

அடுத்து பல் டாக்டர் ட்ரெண்ட் ஹால்வர்சன் வாங்கினார். பிறகு பாதிரியார், வீட்டுத் தரகர், சவப்பெட்டிக் கடைக்காரர். இரண்டே மாதத்தில் மளிகைக் கடை வாசலில் முட்டைக்கோஸை ஏணி வைத்துக் கூரையில் ஏற்றுகிறவர்கள் வரிசையாக நின்றார்கள். சாதாரணக் காரில் போகிறவர்களைப் பார்த்து, "வீட்டுல எல்லாரும் சுகம்தானே?" என்று ஒரு மாதிரி விசாரித்தார்கள்.

நானும் வாங்கினேன். மணல் நிறம்.

"எங்க போறதுக்கு?" என்றாள் என் மனைவி கார்லா.

"எங்க வேணும்னாலும் போகலாம்."

"அப்ப எங்க அக்கா வீட்டுக்கு ஒரு நடை போயிட்டு வா. கூப்பிட்டு மூணு வருஷம் ஆச்சு."

அவள் அக்கா வீட்டுக்கு நல்ல தார்ச்சாலை இருந்தது. அதனால் போகவில்லை.

வண்டி இருந்தால் போக இடம் வேண்டும் அல்லவா? ட்ரெண்ட் தலைமையில் சாகசப் பயணச் சங்கம் தொடங்கினோம். கரடி ஓடைப் பாதையைத் தேர்ந்தெடுத்தோம். அதன் பள்ளங்களுக்கு ஒன்று முதல் முப்பத்தொன்று வரை கல்லில் வெள்ளைச் சாயத்தால் எண் போட்டோம். அவற்றில் ஏழாம் எண் பள்ளம்தான் பேர்பெற்றது. அதிலிருந்து ஏறும்போது ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும். அப்போது எடுத்த படம் இல்லாதவனைச் சங்கத்தில் யாரும் மனிதனாக மதிப்பதில்லை.

ஜூலையில் பெனிடாவுக்கு இடுப்பு எலும்பு மாற்றினார்கள். ஆறு மாதத்துக்கு உடம்பு குலுங்கக் கூடாது என்றார் டாக்டர். வீட்டுக்குக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் பாதை தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டது. சாலை என்று பதிவாகாத இடத்தில் அது போக முடியாதாம். பெனிடாவை ஊரில் ஒரு உறவுக்காரர் வீட்டில் படுக்க வைத்துவிட்டு, எலாய் ஓடையிலிருந்து சரளைக்கல்லைத் தள்ளுவண்டியில் அள்ளி வந்து இரண்டு நாளில் ஏழாம் பள்ளத்தை நிரப்பினார். மற்றவற்றைச் சுற்றி ஒதுங்கிப் போகலாம். ஏழில் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கிடுகிடு சரிவு; தூக்கிப்போடாமல் கார் அதைத் தாண்டாது. மூன்றாம் நாள் தலையணைகளுக்கு நடுவே பெனிடாவை உட்கார வைத்து, நடக்கிற வேகத்தில் காரை ஓட்டி வீடு போய்ச் சேர்ந்தார்.

சனிக்கிழமை சங்கம் மலையேறியது. திங்கட்கிழமை என் மேஜைக்குப் புகார் வந்தது. புதன்கிழமை விசாரணை.

"ஏழாம் எண் பள்ளம் எங்க, மிஸ்டர் ட்ருஹியோ?" என்றார் ட்வைட்.

"மூடிட்டேன்."

"யாரைக் கேட்டு?"

"பதினோரு வருஷமா உங்களைத்தான் கேட்டேன்."

ட்வைட் என்னைப் பார்த்தார். நான் ஃபைலைப் பார்த்தேன். "முடியாதுன்னு பதில் போயிருக்கு, சார்," என்றேன்.

"நீங்க மூட முடியாதுன்னுதான் இருக்கு. நான் மூடக் கூடாதுன்னு இல்லை," என்றார் எலாய்.

பல் டாக்டர் எழுந்தார். பற்களைக் காப்பாற்ற முடியாது என்று சொல்லும்போது வைத்துக்கொள்ளும் முகத்தை வைத்துக்கொண்டார். "பெரியவரே, உங்களுக்கு அது வெறும் பள்ளம். ஆனா இயற்கை எத்தனை காலம் பொறுமையா உட்கார்ந்து அதைச் செதுக்கியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க."

"இயற்கை எங்க செதுக்குச்சு? கவுண்டி லாரி செதுக்குச்சு. தொண்ணூத்தெட்டுல எங்க வீட்டுப் பக்கம் வழி தவறி வந்து மாட்டிக்கிச்சு. டிரைவர் அரை நாள் சக்கரத்தைச் சுத்திச் சுத்தித் தோண்டினான். நான்தான் டிராக்டர் வச்சு இழுத்து விட்டேன்."

எலாய் ஜெயித்துவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் ட்வைட் சும்மா இயக்குநர் ஆனவர் இல்லை.

"கவுண்டி லாரி தோண்டினதுன்னு நீங்களே ஒத்துக்கறீங்க. அப்ப அது கவுண்டி சொத்து," என்றார்.

பொதுச் சொத்தை அனுமதியின்றி நிரவிய குற்றத்துக்காக, பத்து நாட்களுக்குள் மேற்படி பள்ளத்தைப் பழைய ஆழமான பத்தொன்பது அங்குலத்துக்கு மீட்டமைக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. கவுண்டி சார்பில் அளவுகோலோடு போனவன் நான்.

அறுபத்தெட்டு வயது மனிதர் தோண்டினார். நான் அளந்தேன். பதினேழு வந்தது.

"போதாதா வெர்ன்? ரெண்டு அங்குலம் யார் கண்ணுக்குத் தெரியப்போகுது?"

"எனக்கும் மேல ஆள் இருக்கு, அண்ணே."

அவர் மறுபடி மண்வெட்டியை எடுத்தார். மதியத்துக்குப் பெனிடா பயறும் மக்காச்சோள ரொட்டியும் கொடுத்துவிட்டிருந்தார், எனக்கும் சேர்த்து. சாப்பிட்டேன். பிறகு பத்தொன்பது அங்குலம் சரியாக இருப்பதாகச் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்டில் ஒரு துயரச் சம்பவம் நடந்தது. எட்டாம் பள்ளத்தில் ட்ரெண்டின் வண்டிக் கதவில் ஒரு கீறல் விழுந்தது. இரண்டு அங்குல நீளம். சங்கம் அவசரமாகக் கூடியது. பள்ளங்களையும் காப்பாற்ற வேண்டும், பள்ளங்களிடமிருந்து வண்டிகளையும் காப்பாற்ற வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். ஆகவே பழைய பாதையின் ஓரமாக மலையை வெட்டி, ஏழு மைலுக்கும் இறுக்கி உருட்டிய வழவழப்பான துணைப்பாதை ஒன்று போடப்பட்டது. பதினோரு வருஷமாகக் கிடைக்காத உருளை இயந்திரங்கள் மூன்று ஒரே வாரத்தில் வந்து நின்றன. ஒவ்வொரு பள்ளத்தின் பக்கத்திலும் வண்டியை நிறுத்தி, இறங்கிப் பள்ளத்தைப் பார்த்து, படம் எடுத்துக்கொள்ள வசதி செய்திருந்தோம்.

தொடக்கத்தில் ஒரு பலகை வைத்தோம். "சாகச வாகனங்களுக்கு மட்டும். மற்ற வாகனங்கள் பழைய பாதையில் செல்லவும்."

அதாவது பள்ளத்தில் ஏறக்கூடிய வண்டிகள் வழவழப்பான பாதையிலும், ஏற முடியாத கார் பள்ளத்திலும் போக வேண்டும். அப்போது எனக்கு இது இப்படித் தோன்றவில்லை. வரைபடத்தில் பார்க்க நன்றாக இருந்தது.

எலாய் என் மேஜைக்கு வந்தார். "சாகச வாகனம்னா என்ன?"

படிவத்தைப் படித்துக் காட்டினேன். "கூரை ஏணி, மண்வெட்டி, ரெண்டு கேன், இழுவைக் கயிறு, மூச்சுக்குழாய்."

"நாலு சக்கரமும் இழுக்கணும்னு போடலையே."

"சாகச வாகனம்னா அது இருக்கும்தானேன்னு போடலை."

"சரி," என்று படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அந்த ஒரு வரியை நான் அப்போதே பேனாவால் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. அந்த வருஷம் நான் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை பச்சைக் கார் அலுவலக வாசலில் வந்து நின்றது. கூரையில் ஆட்டுப்பட்டி ஏணி. அதோடு சாணம் காய்ந்த மண்வெட்டி, இரண்டு பால் கேன், கயிறு. கண்ணாடி ஓரமாக ஒரு குழாய் வளைந்து மேலே போயிற்று. ட்வைட் இரண்டு தரம் சுற்றி வந்தார். குழாயைத் தட்டிப் பார்த்தார்.

"இது எங்க கிடைச்சுது?"

"சமையல்கட்டுத் தொட்டிக்குக் கீழ இருந்தது."

"எந்தக் கம்பெனி?"

"பழசு. இப்பெல்லாம் இந்த மாதிரி செய்யறதில்லை."

ட்வைட்டின் முகத்தில் பொறாமை தெரிந்தது. படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் சரி போட்டு, அனுமதி எண் ஐம்பத்தெட்டைத் தன் கையாலேயே ஒட்டினார். அடுத்த வாரம் ட்ரெண்ட் என்னிடம் தனியாக வந்து, அந்த மாதிரிப் பழைய குழாய் எங்காவது கிடைக்குமா என்று கேட்டார்.

அக்டோபரில் முதல் பனி விழுந்தது. சங்கத்தின் முதல் பனிப்பயணம் புறப்பட்டது. பன்னிரண்டு வண்டிகள், துணைப்பாதையில்தான். மூன்றாவது மைல் ஏற்றத்தில் பனிக்கு அடியில் ஐஸ் இருந்தது. முன்னால் போன ட்வைட்டின் வண்டி பக்கவாட்டில் நகர்ந்து, அவசரமே இல்லாமல் வாய்க்காலில் இறங்கியது. அதைப் படம் எடுக்க நிறுத்தியவர் அடுத்து இறங்கினார். நான் ஒன்பதாவது. வண்டிகளின் பின்பக்கம் பாதைக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டிருந்ததால் வழி அடைபட்டது.

ட்வைட் தன் வின்சைத் தேடினார். அதை இயக்கும் பொத்தான் பெட்டி இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. ட்ரெண்ட் கையேட்டைப் படித்தார்.

"முதலில் உறுதியான மரத்தைத் தேர்ந்தெடுக்கவும்னு இருக்கு."

"எந்த மரம்?"

"அது போடலை."

பிறகு எஞ்சினைப் போட்டு அவரவர் வண்டியில் சூடாக உட்கார்ந்துகொண்டோம்.

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து பச்சைக் கார் வந்தது. முன்சக்கரத்தில் சங்கிலி கட்டியிருந்தது. எங்களைப் பார்த்து நின்றது. எலாய் இறங்கி வந்தார்.

"வழி விடுங்க. பெனிடாவுக்குக் காலையில இருந்து காய்ச்சல். தையல் போட்ட இடம் சிவந்து கிடக்கு."

"நாங்க மாட்டிக்கிட்டிருக்கோம்," என்றார் ட்வைட்.

"தெரியுது."

அவர் பழைய பாதைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். அப்புறம் என் வண்டிக் கண்ணாடியருகே குனிந்தார். "அந்த வழியா இறங்கிடலாம்னு பார்த்தா ஏழு இருக்கே, வெர்ன்." கோபமாகச் சொல்லவில்லை. கணக்குக் கேட்கிற மாதிரிகூடச் சொல்லவில்லை. கண்ணாடியை ஏற்ற எனக்குக் கை வரவில்லை.

எலாய் ட்வைட்டின் பொத்தான் பெட்டியை வாங்கிப் பல்லால் உறையைக் கிழித்தார். ஒரு பைன் மரத்தைத் தோளால் முட்டிப் பார்த்து அதில் வடத்தைச் சுற்றினார். ஒவ்வொரு வண்டியாக இழுத்து ஓரத்தில் நிறுத்தினார். காருக்குள்ளிருந்து பெனிடா கண்ணாடியை இறக்கினார். முகம் வெளிறியிருந்தது, குரல் கணீரென்று இருந்தது.

"எலாய், அந்தப் பல் டாக்டரை ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கச் சொல்லு. அவர் திருப்பத் திருப்ப வண்டி உள்ள போகுது."

ட்ரெண்ட் கையை எடுத்தார். வண்டி வெளியே வந்தது.

கார் நுழையும் அளவுக்கு வழி கிடைக்க ஒரு மணி நாற்பது நிமிஷம் ஆயிற்று. பெனிடாவை எட்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். பிழைத்துவிட்டார். ஆனால் கைத்தடி இல்லாமல் இனி நடக்க முடியாது.

சங்கத்தின் செய்தித்தாளில் படம் வந்தது. நடுவில் பச்சைக் கார், சுற்றிலும் எங்கள் வண்டிகள். "பனியில் சிக்கிய முதிய தம்பதிக்குச் சங்கம் துணை நின்றது" என்று போட்டிருந்தார்கள். கவுண்டி ட்வைட்டுக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தது. மீட்பு நடந்தது என்றால் மீட்டவர் யார் என்று ஃபைலில் இருந்தாக வேண்டும். ஆகவே பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் மீட்புப் பணியில் ஈடுபட்டதற்கு விளக்கம் கேட்டு எலாய்க்கு நோட்டீஸ் போயிற்று. அதில் இருப்பது என் கையெழுத்து.

அவர் நோட்டீஸோடு வந்தார். விளக்கத்தை நின்றுகொண்டே எழுதிக் கொடுத்தார். ஒரே வரி: "மனைவிக்குக் காய்ச்சல்." நான் முத்திரை குத்தினேன்.

"வண்டி எப்படி இருக்கு, வெர்ன்?"

"நல்லாருக்கு அண்ணே. கதவுதான் கொஞ்சம் நசுங்கிடுச்சு."

"பார்த்து ஓட்டு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தக் கதையை நான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் உச்சுக் கொட்டுகிறார்கள். அதிகாரிகளைத் திட்டுகிறார்கள், என்னையும் சேர்த்து. பெனிடாவின் இடுப்பு இப்போது எப்படி இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் பொறுத்திருந்து, மணல் நிற வண்டிக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

மூன்று மாதம் என்று சொல்கிறேன். வண்டிக் கடைக்காரரின் ஃபோன் எண்ணும் தருகிறேன்.