தபால் ஆபீஸில் போட்டுப் பார்த்த டோப்பா

ஏமாந்து போனவர்கள் கதை ஊருக்கு நூறு இருக்கும். என் கதை வேறு. ஏமாந்துவிடக் கூடாது என்று வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் அதிஜாக்கிரதையாக இருந்தேன். அன்றைக்குத்தான் என் மானம் போனது. இப்போது என் மகள் ஆன்லைனில் எது வாங்கினாலும், பார்சலைப் பிரிக்கும்போதே செல்போனில் வீடியோ எடுத்துவிடுகிறாள். உள்ளே சோப்புக்கட்டி இருந்தால் காட்டுவதற்கு ஆதாரம் வேண்டுமாம். எண்பதுகளின் கடைசியில் எங்களுக்கு ஏது செல்போன்? ஆட்களைத்தான் கூட்டி நிறுத்த வேண்டும். நானும் நிறுத்தினேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கிளார்க். சாயந்திரம் வீடு திரும்பும்போது என் தலையில் முடியைவிட ஒட்டியிருந்த பஞ்சுதான் அதிகமாக இருக்கும். மூன்று இடத்தில் பெண் பார்த்துவிட்டு வந்தோம். மூன்று வீட்டிலும் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். (ஜாதகம் பொருந்திய பிறகுதானே எங்களை வரவே சொன்னார்கள்?)

நான்காவதாக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண் அமைந்தது. சுந்தரபாண்டியம் தபால் ஆபீஸில் வேலை. அம்மா இந்த முறை தந்திரமாக என் கல்லூரிக் காலத்து போட்டோவை அனுப்பிவிட்டார். அதில் என் தலையில் குருவி கூடு கட்டலாம். போட்டோவைப் பார்த்தவுடன் அவர்களுக்குப் பிடித்துப் போய், வளர்பிறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி எழுதினார்கள். ஒரு மாதம் இருந்தது. அதற்குள் போட்டோவில் இருப்பவன் மாதிரி ஆகவேண்டும். இல்லாவிட்டால் நான்காவதும் போச்சு. நான்கு இடம் தட்டிப்போனவன் என்று பெயர் வந்துவிட்டால் ஐந்தாவது இடம் எட்டிக்கூடப் பார்க்காது.

அப்போதுதான் ஒரு பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். அசல் முடியில் செய்த டோப்பா. 'பெற்ற தாய்க்கும் வித்தியாசம் தெரியாது.' வடக்கே எங்கோ ஒரு முகவரி. வி.பி.பி.யில் வரும், பணம் கட்டிப் பார்சலை வாங்கிக்கொள்ள வேண்டியது. எங்கள் தெருத் தபால்காரர் பார்சல் கொடுத்தால் என்ன, ஏது என்று கேட்காமல் நகரமாட்டார். அதனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் சைக்கிள் கடை வைத்திருந்த என் நண்பன் சேவியரின் முகவரியைக் கொடுத்தேன்.

பார்சல் வந்திருப்பதாகச் சீட்டு வந்தது. சேவியர் அதைக் கையில் கொடுக்கும்போதே என்னைப் பயமுறுத்தினான்.

"எங்க மச்சான் இப்படித்தாம்லே ரேடியோவுக்கு எழுதிப் போட்டாரு. பணத்தைக் கட்டுனாத்தான் பார்சலைக் கையில தருவாவ. வீட்டுல கொண்டாந்து பிரிச்சா ரெண்டு செங்கல்லு."

"பொறவு?"

"பொறவு என்ன, அடுப்புக்கு முட்டுக் குடுத்திருக்காரு. நீ அந்தத் தப்பைச் செய்யாத. போஸ்ட்மாஸ்டர் முன்னால வச்சுப் பிரி. சாட்சிக்கு நாலு பேரை நிப்பாட்டு."

அரை மாதச் சம்பளம். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் செங்கல் தெரிந்தது. டோப்பா வெளியே தெரிந்தால் அவமானம், செங்கல்லாக இருந்தால் நஷ்டம் என்று இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்து, கடைசியில் நஷ்டத்துக்குத்தான் அதிகம் பயந்தேன். வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் தபால் ஆபீசுக்குப் போனேன். பெண்ணுக்கு வேலை சுந்தரபாண்டியத்தில்தானே என்ற தைரியம்.

போஸ்ட்மாஸ்டர் நிதானமான மனிதர். "பணத்தைக் கட்டிட்டு எங்க முன்னாடியே பிரிங்க தம்பி. மோசடியா இருந்தா எழுதிக் குடுங்க. பணத்தை அனுப்பாம நிறுத்தி வச்சு விசாரிக்கச் சொல்லுவோம்" என்றார். மணியார்டர் வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, "செத்த இங்க வாங்க, சாட்சிக்கு" என்று கூப்பிட்டார். சாட்சிக்கு நான்கு பேர் போதும். பதினோரு பேர் வந்தார்கள்.

கத்தரியால் நூலை வெட்டிப் பிரித்தேன். செங்கல் இல்லை. கடவுளே என்று மூச்சு விட்டேன். தாளை விலக்கினால், செம்பட்டை நிறத்தில், தோள் வரைக்கும் தொங்குகிற சுருட்டை முடி. கூத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவர் வைத்துக்கொள்ளலாம்.

"இதுல மோசடி என்ன தம்பி? முடி கேட்டீக, முடி வந்திருக்கு" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

நான் ஆத்திரத்தில் விளம்பரத்தை எடுத்து நீட்டினேன். (அங்கேயே வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம்.) அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "பெற்ற தாய்க்கும் வித்தியாசம் தெரியாது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். பிறகு, "அப்ப தலையில வச்சுப் பாத்தாத்தானே சொல்ல முடியும்?" என்றார்.

வைத்தேன். அது என் மண்டைக்கு ஒரு சுற்று சிறியது. உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டு கீழே இறங்க மறுத்தது. வரிசையில் நின்ற ஒரு அம்மாளிடம் போஸ்ட்மாஸ்டர், "ஒட்டு முடின்னு தெரியுதா?" என்று கேட்டார்.

"ரோட்டுல இருந்து பாத்தாலே தெரியும்யா" என்றார் அந்த அம்மாள்.

"எழுதிக்கம்மா" என்று போஸ்ட்மாஸ்டர் திரும்பினார். கவுண்டருக்குப் பின்னால் இருந்த ஒரு பெண் புகார்ப் பாரத்தில் எழுத ஆரம்பித்தார். என் பெயரைக் கேட்டார். சொன்னேன். பேனா நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் இன்னும் டோப்பாவைக் கழற்றியிருக்கவில்லை.

"அப்பா பேரு? எங்க வேலை?"

சொன்னேன்.

"கூடப் பொறந்தவிய எத்தனை பேரு?"

"ஒரு அக்கா. கட்டிக் குடுத்தாச்சு."

"இந்த முடி எதுக்கு வாங்குனீய?"

சர்க்கார் பாரம், பொய் சொன்னால் ஜெயிலில் போடுவார்கள் என்று பயந்து, "ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்கப் போறோம்" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அதையும் எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன். டோப்பாவை ஆதாரமாக ஆபீசிலேயே வைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அம்மா அசரவில்லை. "ஏலே, இருக்கன்குடி கோயிலுக்குப் போயி முழுசா மொட்டை போட்டுரு. வேண்டுதல்னு சொல்லிப்புடுவோம். வளரும்னு நெனச்சுக்கிடுவாக. கல்யாணம் முடிஞ்ச பொறவு யாரு கேக்கப்போறா?"

சனிக்கிழமை மொட்டை. ஞாயிற்றுக்கிழமை சந்தனம் பூசிய தலையோடு பெண் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பெண்ணின் அப்பா என் தலையையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வேண்டுதலா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். அவர் முகம் தெளிந்தது. அம்மா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே மெச்சினார்.

காபித் தட்டோடு பெண் வந்தார். நிமிர்ந்தேன். கவுண்டருக்குப் பின்னால் எழுதிய அதே பெண்.

அந்த டம்ளரை எப்படிப் பிடித்தேன் என்று தெரியாது. பாதிக் காபி வேட்டியில். (ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவர் லீவு போட்டதால், அந்த வாரம் மட்டும் இவரை அந்த ஆபீசில் வேலைக்குப் போட்டிருந்தார்களாம்.) எழுந்து ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தேன். நடுவில் அவர்களுடைய சொந்தக்காரர்கள் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்பா, அவிய கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார் அவர். "என்ன வேண்டுதல்?"

அம்மா முந்திக்கொண்டு வாயைத் திறந்தார். அதற்குள் நான், "வேண்டுதல் ஒண்ணும் இல்லீங்க. முடி கொட்டிப்போச்சு. போட்டோ பழசு" என்று சொல்லிவிட்டேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"வாங்குற சாமான் சரியா இருக்கான்னு பதினோரு பேரை நிப்பாட்டிப் பாத்தீயளே," என்றார் அவர், சத்தத்தை ஏற்றாமல். "எங்க வீட்டுல மட்டும் பிரிக்காமலே வாங்கிக்கணுமா?"

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி வெட்கப்பட்டதில்லை. வடநாட்டுக்காரன் என்னை ஏமாற்றினான் என்று கொதித்தேனே, அவனாவது முடி என்று சொல்லி ஏதோ ஒரு முடியை அனுப்பினான். பஸ்ஸில் ஊர் திரும்பும்போதே, நான்காவதும் போச்சு என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

புதன்கிழமை அவருடைய அப்பாவே நேரில் வந்துவிட்டார். "கேட்டவுடனே உள்ளதைச் சொல்லிட்டாரே, அது போதும்னு பாப்பா சொல்லுதா" என்றார். அம்மா அவருக்குக் காபி போடப் போனவர், அடுப்படியிலேயே நின்று அழுதார்.

டோப்பாவுக்குக் கட்டிய பணம் மட்டும் கடைசிவரை திரும்பி வரவே இல்லை.

கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. விசேஷ வீடுகளில் யாராவது என் தலையைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளையை நல்லாப் பாத்துத்தான் கட்டுனியா?" என்று அவளைக் கேலி செய்வார்கள். அவள் அசருவதே இல்லை. "என் கையாலயே பாரம் எழுதி, சாட்சியோட பிரிச்சுப் பாத்துத்தான் எடுத்தேன்" என்பாள். "இனிமே மோசடின்னு எங்க போயி எழுதிக் குடுக்க?"