அக்கரையிலிருந்து அக்கரைக்கு

ஓடநாட்டு ஆற்றங்கரையில் அன்று இருந்தவர்கள் மன்னர் அலைவேந்தர், ஓடக் கல்லூரித் தலைவர் துடுப்பரையர், நான், என் பேரன் மணிமார்பன், வலைப்பாக்கத்துப் பெண் குறிஞ்சி, அவள் தாய் இருளாயி. வேறு எவராவது தாமும் இருந்ததாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

கல்லூரியில் ஓர் இடமே மீதி. அதன் முத்திரை பெறாதவர் எங்கள் நாட்டில் துடுப்பைத் தொடக்கூடாது. வலைப்பாக்கத்தில் ஒருவருக்கும் முத்திரை கிடையாது. பிரசவ வலி எடுத்தாலும் அக்கரை மருத்துவச்சியிடம் போக ஓடக்காரர் இல்லை. அதற்காகத்தான் குறிஞ்சி வந்திருந்தாள். நாங்களோ ஐந்து தலைமுறையாக அங்கே படித்தவர்கள்.

தேர்வு எளியது. ஆற்றை நீந்திக் கடந்து அக்கரைக் கல்லைத் தொடவேண்டும். தகப்பன் அங்கே படித்திருந்தால் பிள்ளை நடு ஆற்றிலிருந்து புறப்படலாம். பாட்டனும் படித்திருந்தால் இன்னும் தள்ளி. அந்த வழக்கப்படி மணிமார்பனை அக்கரைக் கல்லின்மேலேயே உட்காரவைத்தார்கள். குடையும் நட்டுவைத்தார்கள்.

"அய்யா, அவருதான் போய்ச் சேந்துட்டாரே! அப்புறம் எதுக்குப் போட்டி?" என்றாள் குறிஞ்சி.

"அவசரப்படாதே பெண்ணே. அவங்க கொள்ளுத்தாத்தா காலத்துலயே கெளம்பிட்டாங்க. நீ இன்னிக்குத்தானே வர்றே?" என்றார் துடுப்பரையர்.

"எங்க பாட்டன் பூட்டனெல்லாம் ஆகாசத்துலயா மீன் புடிச்சாங்க?" என்று இருளாயி கேட்டாள்.

"அது பொழப்பும்மா. இது பின்புலம்."

மன்னர் மனம் இளகினார். "சமநீதி வேணும். ரெண்டு பேருக்கும் ஒரே முரசு!" என்று ஆணையிட்டார்.

முரசு முழங்கியது. குறிஞ்சி வந்து கல்லைத் தொட்டபோது மணிமார்பன் தூங்கிக்கொண்டிருந்தான். துடுப்பரையர் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: "இவள் கையால தொட்டா. அவர் குடும்பமே தொட்டிருக்கு." முத்திரை எங்கள் வீட்டுக்கு வந்தது. நியாயம்தானே?

மறுவாரம் மணிமார்பன் வலைப்பாக்கத்துக்கு ஓடம் செலுத்தினான். சேர்வது எங்களுக்குப் பழக்கம், புறப்படுவது பழக்கமில்லை. நடு ஆற்றில் ஓடம் கவிழ்ந்தது. குறிஞ்சி துடுப்பெடுத்து வந்து அவனைக் கரை சேர்த்தாள்.

முத்திரையின்றித் துடுப்பைத் தொட்ட குற்றத்துக்காக அவளைச் சபையில் நிறுத்தினார்கள். மூழ்கியவரைக் காப்பாற்றினால் மன்னிப்போடு முத்திரையும் உண்டு என்பது சட்டம். மன்னர் என்னிடம் கேட்டார்: "பெரியவரே, உங்க பேரன் மூழ்கினானா?"

இருளாயி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்ல யாரும் மூழ்குறதில்ல, மகாராஜா" என்றேன்.

குறிஞ்சி சிறைக்குப் போனாள். விபத்தைத் தவிர்க்க, இனி ஓடங்கள் அக்கரையிலிருந்து அக்கரைக்கு மட்டுமே செல்லும் என்று மன்னர் அறிவித்தார். அதன்பின் ஒன்றும் கவிழவில்லை. வலைப்பாக்கத்தார் துறையில் காத்திருக்கிறார்கள்.

அந்தப் பெண் என் பேரனின் முடியைப் பிடித்து வெளியே இழுத்தாள் என்று சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். மணிமார்பன் இருந்த இடத்தில்தான் இருந்தான். அன்று ஆறுதான் மரியாதை தெரியாமல் அவன் தலைக்கு மேலே போய்விட்டது.